புதிய அரசுக்கும் கடிவாளம் வேண்டும்



தளர்ந்துபோன ஒரு நாட்டைப் புதிய அரசாங்கம் நிமிர்த்த முடியுமா என்ற கேள்வியைக் கொழும்பு மாளிகாவத்தையில் நின்று கேட்பது பொருத்தமானது. வந்த அரசாங்கங்கள் அனைத்துக்கும் இந்தப் பக்கத்து மக்களைப் பற்றி ஏதோ ஒரு திட்டம் இருந்தது. ரணசிங்க பிரேமதாச வீடமைப்பைத் தமது அரசியலின் நடுவில் வைத்தார். கெத்தாராம விளையாட்டரங்கு அவர் பெயரோடு இன்றும் நிற்கிறது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. கொழும்பின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வறியோருக்கான உதவி 1989இல் ஜனசவிய என்று வந்தது. ஆட்சி மாறியதும் சமுர்த்தி ஆயிற்று, பிறகு திவிநெகும, பிறகு மறுபடியும் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. பெயர் மாறியது, பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் மாறினார், வரிசையில் நிற்பவர் மாறவில்லை. 2020 மே 21ஆம் திகதி, நோன்பு மாதத்தில், கொரோனா முடக்கம் நீங்காத நாளொன்றில், வர்த்தகர் ஒருவர் தர்மம் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு இதே மாளிகாவத்தையில் திரண்ட கூட்டத்தில் நெரிபட்டு மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். நெருக்கடி 2022இல் திடீரென்று முளைத்தது என்று பேசுபவர்கள் அந்த மூன்று பெண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகத் தெரிவானார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் பெற்றது 3 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகள். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ எடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட ஆறில் மூன்று அதன் பக்கம் போயின. அந்த நாள் முதல் ஊரில் இரண்டு பதில்களைக் கேட்கிறோம். யார் வந்தாலும் நம்முடைய பாடு ஒன்றுதான் என்பது ஒன்று. நல்ல மனிதர்கள் வந்துவிட்டார்கள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றது. இரண்டுமே நம் வரலாற்றுக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் இன்று நான் வாதிட வந்தது. ஓர் அரசாங்கத்தால் நாட்டைப் பெரிதாக மாற்ற முடியும். கெடுப்பதில் அது மிக வேகமாக இயங்கும். திருத்துவதில் நிலைத்து நிற்பது எது என்று பார்த்தால், தனக்கும் தன் பின்னால் வருபவருக்கும் சேர்த்து அது போட்டுக்கொள்ளும் கடிவாளம்தான்.

முதலில் கெடுப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் 'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்ற பேச்சுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. 2019 நவம்பர் 18ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ பதவியேற்றார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை; பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் வருடாந்த எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்ந்தது. சம்பளத்திலிருந்து நேரே வெட்டும் வருமான வரியும் நிறுத்தப்பட்டது. பாராளுமன்றத்தில் ஆற அமர விவாதித்து எடுத்த முடிவல்ல இது, அமைச்சரவை முடிவு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் சில ஆண்டுகளில் 8 சதவீதத்தை அண்டி வந்துவிட்டது. வெளிநாட்டுச் சந்தை கடன் கொடுக்க மறுத்தது, மத்திய வங்கி பணத்தை அச்சடித்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு நின்றது; நவம்பரில் அந்தத் தடையை நீக்கியபோது பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. பதவியேற்பிலிருந்து அதுவரை மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. கொவிட்டும் உக்ரைன் போரும் சுமையைக் கூட்டின, உண்மை. ஆனால் அந்த இரண்டும் வங்காளதேசத்தையும் தாக்கின, நேபாளத்தையும் தாக்கின. கடன் கட்டுவதை நிறுத்தும் நிலைக்கு அந்த நாடுகள் வரவில்லை.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி ஒன்று, கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னது. நாட்டின் மருத்துவர்களும் கிருமியியல் அறிஞர்களும் எடுத்துச் சொன்னார்கள். அரசு கேட்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பர் முதலாம் திகதி விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. சில நாட்களில், பிறந்து 20 நாளேயான சிசுவொன்றின் ஜனாஸாவைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பொரளைக் கனத்தை மயானத்து வேலியில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். மாளிகாவத்தை மையவாடி இங்கேயே இருக்க, 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்த பிறகும் ஜனாஸாக்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குப் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்ததை மன்னிப்பு மீட்டுத் தராது. வரி, உரம், ஜனாஸா என்ற மூன்றும் வெவ்வேறு விடயங்களாகத் தெரியலாம். மூன்றிலும் நடந்தது ஒன்றே: அறிந்தவர்கள் எச்சரித்தார்கள், அந்த எச்சரிக்கைக்கு அதிகாரத்தைத் தடுத்து நிறுத்தும் வலு எங்கும் இல்லை.

வலு ஏன் இல்லை என்று தேடினால், ஆட்சி மாற்றங்களின் கதைக்குள் போக வேண்டும். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. 1972இல் புதிய அரசியலமைப்பை எழுதி, தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அந்த ஆட்சியின் தட்டுப்பாடுகளில் வெறுத்துப்போன மக்கள் 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு 168இல் 140 ஆசனங்களைக் கொடுத்தார்கள். அவரும் ஓர் அரசியலமைப்பை எழுதினார், நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார், 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பை வைத்துப் பாராளுமன்றத்தை ஆறு ஆண்டுகள் நீட்டினார். போரை முடித்த செல்வாக்கோடு 2010இல் வென்ற மஹிந்த ராஜபக்ஷ அதே செப்டெம்பரில் 18ஆவது திருத்தத்தால் இரண்டு பதவிக்கால எல்லையை அகற்றினார். 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 156 வாக்குகளோடு நிறைவேறிய 20ஆவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுக்களைப் பல்லில்லாதவையாக்கியது. தேசிய பெறுகை ஆணைக்குழுவையும் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் ஒழித்தே விட்டது. எதிரணியில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தினார்கள். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. நம் நாட்டில் பெரும் நம்பிக்கையோடு வழங்கப்பட்ட இந்த ஆணைகள் ஒவ்வொன்றும் கடிவாளத்தை அறுக்கத்தான் பயன்பட்டன. சந்திரிகா 1994இலும் மஹிந்த 2005இலும் மைத்திரிபால 2015இலும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். எதிர்க்கட்சியில் இருக்கும்போது அபாயமாகத் தெரிகிற அதிகாரம் நாற்காலியில் உட்கார்ந்ததும் வசதியாகிவிடுகிறது. இதை ஒரு சில மனிதரின் குணக்கேடு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. ஐம்பது ஆண்டுகள், வெவ்வேறு கட்சிகள், ஒரே முடிவு.

இந்த இடத்தில் எழும் ஆட்சேபத்தை நான் அறிவேன். ஆணைக்குழு, திருத்தம், கணக்காய்வு எல்லாம் கொழும்பு ஏழில் பேசுகிற பேச்சு. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைக்கும், முச்சக்கர வண்டியின் தவணைப் பணம் கட்டுகிறவனுக்கும் அதனால் என்ன வந்தது? நியாயமான கேள்வி. பதிலை மின்பட்டியலில் பார்ப்போம். மாதம் 30 அலகு பாவிக்கிற ஓர் ஏழை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மூன்று மின்குமிழ், ஒரு மின்விசிறி, கைபேசிக்கு சார்ஜ். 2022 ஓகஸ்ட் வரை அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா வரும். ஓகஸ்டில் அது 360 ஆயிற்று. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,300. ஆறே மாதத்தில், மிகக் குறைவாகப் பாவிக்கிறவர் தலையில் மிகப் பெரிய விகிதத்தில் ஏற்றினார்கள். செலவுக்கேற்ற விலை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மின்சார சபையின் நட்டத்தையும் கடைசியில் நாம்தான் கட்டுகிறோம். அந்தச் செலவை எந்த வீட்டின்மீது எவ்வளவு வைப்பது என்பதுதான் கேள்வி.

அதைக் கேட்பதற்குச் சட்டம் ஓர் இடத்தை வைத்திருக்கிறது: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2023இல் கட்டண உயர்வை வெளிப்படையாக எதிர்த்த அதன் தலைவரை, அதே ஆண்டு மே மாதத்தில் பாராளுமன்றத்தின் பெரும்பான்மை வாக்கால் அன்றைய அரசு நீக்கியது. அந்த மனிதரின் நிலைப்பாடு முழுக்கச் சரியா என்பது வேறு விவாதம். அரசுக்குப் பிடிக்காததைச் சொன்னால் நாற்காலி போகும் என்ற பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மழையும் ரூபாவின் நிலையும் சீரானபின் 2023 நடுப்பகுதி முதல் கட்டணம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2024 முடிவில் மின்சார சபை விலையை மாற்ற வேண்டாம் என்று கேட்டது. ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, சபையின் கணக்கைத் துருவிப் பார்த்து, 2025 ஜனவரியில் சராசரி 20 சதவீதம் குறைக்கக் கட்டளையிட்டது. நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் பட்டியல் 195 ரூபாவுக்கு வந்தது. ஜூனில் கட்டணம் 15 சதவீதம் கூடியது. ஒக்டோபரில் சபை மறுபடியும் 6.8 சதவீத உயர்வு கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. இந்த ஒக்டோபர் மறுப்புத்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசாங்கத்தின் சொந்தச் சபை கேட்டதை அரசின் இன்னொரு நிறுவனம் கொடுக்கவில்லை, அதற்காக யாருடைய பதவியும் பறிபோகவில்லை. ஒழுங்குபடுத்தும் நிறுவனம் நிமிர்ந்து நிற்பதன் பெறுமதி என்ன என்று கேட்டால், 1,300க்கும் 195க்கும் இடையில் ஒரு பகுதி அது.

வெளிநாட்டில் இதற்குச் சான்று வேண்டுமென்றால், கிரிக்கெட்டால் நமக்குத் தெரிந்த ஜமைக்காவைப் பார்க்கலாம். 2013இல் அந்தத் தீவின் அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 140 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆட்சியில் இருந்த மக்கள் தேசியக் கட்சி, சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்படிக்கை செய்ததோடு நிற்காமல், தொழிற்சங்கங்களும் வங்கிகளும் சிவில் அமைப்புகளும் அமரும் கண்காணிப்புக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. அரசு சொன்ன இலக்கை எட்டியதா இல்லையா என்று அந்தக் குழு ஊரறிய அறிக்கையிட்டது. 2016இல் அந்தக் கட்சி தோற்றது. வென்ற தொழிற்கட்சி பழைய கணக்கைக் கிழித்துப் போடாமல் அதே பாதையில் போனது, நிதி ஒழுக்கத்தைச் சட்டத்தில் இன்னும் இறுக்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கடன் விகிதம் ஏறக்குறைய பாதியாகியது. 2025 ஒக்டோபர் இறுதியில் மெலிசா சூறாவளி அந்நாட்டைச் சிதைத்தபோது, முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்த அனர்த்தக் கடன்பத்திரம் 150 மில்லியன் டொலரைக் கொடுத்தது. ஒரு மாதம் கழித்து நம்மை டித்வா சூறாவளி தாக்கியது. 600க்கு மேற்பட்டோரை இழந்தோம், அப்போது நமக்கு அவசரக் கடனைத் தேடி ஓட வேண்டியிருந்தது. ஜமைக்காவைத் திருத்தியது எந்த அரசு என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. நம்மவர் அனுபவத்திலும் நிலைத்தவை இப்படிப்பட்டவையே. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியை எந்த அரசும் தொடத் துணியவில்லை. தமிழ்நாட்டில் காமராசர் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982இல் பெருக்கினார், பின்வந்தவர்கள் முட்டையும் காலை உணவும் சேர்த்தார்கள். ஜென்மப் பகை பாராட்டிய கட்சிகள் அந்தத் தட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

கடிவாளம் என்கிறீர்களே, சிங்கப்பூரை ஒரு வல்லவர்தானே உயர்த்தினார் என்பார்கள். லீ குவான் யூவின் கையில் அளவற்ற அதிகாரம் இருந்தது, எதிர்ப்பாளர்களை அவர் நடத்திய விதத்தை நான் மெச்சமாட்டேன். ஆனால் அவரைப் போல ஒருவர் வேண்டும் என்று நம் தலைவர்கள் பேசும்போது பாதியைத்தான் சொல்கிறார்கள். அங்கே ஊழல் விசாரணைப் பணியகம் 1986இல் அவருடைய அமைச்சர் தே சியாங் வானையே விசாரித்தது. 2024 ஒக்டோபரில் போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பிரதமர் விசாரணைக்கு அனுமதி மறுத்தால் பணியகம் ஜனாதிபதியின் சம்மதத்தோடு தொடரலாம் என்று 1991இலேயே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். வல்லவரை மட்டும் இறக்குமதி செய்து அந்தச் சட்டத்தை விட்டுவிட்டதன் பலனை 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்று பார்த்தோம்.

சர்வதேச நாணய நிதியத்தின் கட்டளைக்குள் எந்த அரசும் பொம்மைதானே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். 2023 மார்ச் 20ஆம் திகதி அங்கீகாரம் பெற்ற ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்தைப் புதிய அரசு அப்படியே தொடர்கிறது. 2024 ஜனவரியில் 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரி அங்கேயே நிற்கிறது. 2024இல் அரச வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்குப் போனது. உலக வங்கியின் அளவுகோலில் அவ்வாண்டு ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் இருந்தார், 2019இல் இருந்ததைப் போல் இருமடங்கு. இந்த நிலையில் அற்புதம் நடக்கும் என்று எந்த மேடையில் சொன்னாலும் அது பொய். ஆனாலும் மொத்தத் தொகையைத்தான் நிதியம் அதிகம் கேட்கிறது, அதை யாரிடமிருந்து எடுப்பது என்பதில் இடம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் மாதச் சம்பளத்தில் ஒன்றரை இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை என்றாக்கியது அப்படி ஒரு தெரிவு. சவர்க்காரத்துக்கு 18 சதவீதம் கொடுக்கிற தாயையும் சொத்துகளைக் கோடிக்கணக்கில் குவித்தவரையும் பார்த்து இன்னும் துணிவான தெரிவுகளை இந்த அரசு எடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அப்படியானால் 159 பேரைக் கையில் வைத்திருக்கும் இந்த அரசு எந்தப் பக்கம் போகிறது? கலப்பான பதில்தான் சொல்ல முடியும். பல ஆண்டுகள் பிந்திய உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே 6ஆம் திகதி நடத்தி, பல சபைகளில் பெரும்பான்மை கிடைக்காததையும் ஏற்றுக்கொண்டது. பொலிஸ் மாஅதிபர் தேசபந்து தென்னக்கோனைத் தொலைபேசி உத்தரவில் அனுப்பாமல், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசாரணைக் குழு அமைத்து, ஓகஸ்டில் 177 வாக்குகளோடு நீக்கியது. எதிர்க்கட்சியினரும் அதற்கு வாக்களித்தார்கள். இவை நல்ல பழக்கங்கள். மறுபக்கம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்போம் என்று வாக்குக் கேட்டவர்கள் ஆட்சியில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டினார் என்று 2025 மார்ச்சில் ஓர் இளைஞர் அதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு எங்கும் நடக்கவில்லை. வடக்கு கிழக்குக்கு அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்பதைக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறை அப்படியே இருக்கிறது. கணக்காய்வாளர் நாயகம் 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்ற பின், ஜனாதிபதி முன்மொழிந்த பெயர்களை அரசியலமைப்புப் பேரவை ஏற்க மறுத்தது. நிரந்தர நியமனம் இல்லாமலே அந்த ஆண்டு கழிந்தது. ஊழலை ஒழிக்க வந்த அரசுக்கு அரசின் கணக்கைப் பார்ப்பவரின் நாற்காலி முதல் கவலையாக இருந்திருக்க வேண்டும். பேரவை மறுத்ததைத் தடங்கலாக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, பேரவை தன் வேலையைச் செய்தது. யாராலும் மறுக்க முடியாத பெயரைத் தேடுவது ஜனாதிபதியின் வேலை. நல்லவர்கள் ஆள்கிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தடை என்ற வாதம் இப்போது ஆளும் தரப்பில் கேட்கிறது. நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் அறுத்து வைக்கிற இடத்தில் அடுத்து வந்து உட்காருபவர் யார் என்பது அவர்களுக்கும் தெரியாது.

2015இல் வந்த நல்லாட்சி அரசைப் பற்றி இன்று நல்ல வார்த்தை சொல்பவர் குறைவு. மத்திய வங்கிப் பிணைமுறி மோசடியும், 2018 ஒக்டோபர் அரசியலமைப்புக் குழப்பமும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதும் அதன் கணக்கில் இருக்கின்றன. ஆனால் அது போட்ட ஒரு கடிவாளமான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 20ஆவது திருத்தத்தையும் தாண்டி உயிரோடு இருக்கிறது. இந்தத் தொடர்மாடிகளின் பராமரிப்புக்கு என்று ஒதுக்கிய பணம் எங்கே போனது, எத்தனை வீடுகளுக்கு இன்னும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை, அஸ்வெசும மேன்முறையீடு எந்த அளவுகோலில் தள்ளப்பட்டது என்று நகர அபிவிருத்தி அதிகார சபையிடமோ மாநகர சபையிடமோ பிரதேச செயலகத்திடமோ தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். புதிய ஆட்சியின் அலுவலகங்கள் இந்தக் கடிதங்களுக்கு எப்படிப் பதில் எழுதுகின்றன என்பதை அடுத்த தேர்தலுக்கு முன்பே நாம் தெரிந்துகொள்ள முடியும்.